புதிதாக ஒன்றும் இல்லை

"ஏங்க, ஏதும் வந்திருக்கா?"

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே உமாமகேஸ்வரி கேட்டாள். கீழக்கரையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. ஐந்து மாதமாக, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் தினமும் இதே கேள்விதான்.

மாரீஸ்வரன் போனில் ஃபீட் ரீடரைத் திறந்தான். முப்பத்தொரு தளங்களை அதில் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறான். வானிலை, மின்தடை, ரயில் என்று போய், கடைசியில் அவள் எழுதிய அரசு வேலைத் தேர்வின் தளம். எதில் புதிதாக எதைப் போட்டாலும் தானாக வந்து நிற்கும்.

தேர்வுத் தளத்துக்கு எதிரே பூஜ்யம்.

"இல்ல."

"ம். வர்றப்ப வரட்டும்."

இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. தேறியவர்களுக்குக் கடிதம் எதுவும் வராது. சான்றிதழ் சரிபார்ப்புத் தேதியைத் தளத்தில் போடுவார்கள். பார்த்துவிட்டுப் போய் நிற்க வேண்டும்.

முன்பு அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தாள். நாளுக்கு முந்நூறு மெசேஜ். பாதி வதந்தி, மீதி குட்மார்னிங். இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடந்தாள். ஒருநாள் மாரீஸ்வரன் அவள் போனை வாங்கி, குரூப்பிலிருந்து அவளை வெளியே எடுத்துவிட்டான். "இனி நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அவள் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து நீட்டினாள்.

"பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி போனு. நர்ஸ் வேலைக்கு எழுதியிருக்கால்ல, அவளும் குரூப்புல கெடந்து பொலம்புறா. எங்க வீட்டுக்காரரு ஒண்ணு வச்சிருக்காரு, அவரு பொய் சொன்னாலும் அது சொல்லாதுன்னு அவகிட்ட சொல்லிருக்கேன். அவளுக்கும் போட்டுக் குடுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அந்தப் போனைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"போட்டுத் தாரேன். ஆனா, குரூப்ப விட்டு மட்டும் வெளிய வர வேணாம்னு சொல்லு."

செருப்பில் ஒரு காலை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"அப்ப என்னைய மட்டும் ஏன் வெளிய எடுத்தீங்க?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகியும் நகரவில்லை.

இடையில் தேர்வுத் தளத்தைப் புதுப்பித்தபோது, ரீடருக்குத் தகவல் அனுப்பும் ஃபீடை நிறுத்திவிட்டார்கள். நின்றுபோனதென்று ரீடர் சொல்லவில்லை. தினமும் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. எட்டு நாளைக்கு முன், ஏதோ சந்தேகத்தில், மாரீஸ்வரன் நேராகத் தளத்துக்கே போய்ப் பார்த்தான்.

அவளுடைய பதிவு எண் இருந்தது.

சரிபார்ப்புக்கு வராதவர்கள் பட்டியலில்.