மணமில்லாத சவர்க்காரம்

உடுப்புத் தோய்க்கும் மெசினின் மூடியைச் சாத்தினாள். தண்ணீர் விழத் தொடங்கும் முன்னம் மறுபடியும் திறந்தாள்.

கணவனுடைய குளிர்க் கோட்டை மட்டும் வெளியே எடுத்தாள்.

மற்ற உடுப்புகள் உள்ளே கிடந்தன. மகளுடைய காற்சட்டை, தன்னுடைய கம்பளிச் சட்டை, இரண்டு பேருடைய காலுறைகள். எல்லாவற்றுக்கும் மணமில்லாத சவர்க்காரம். மனித வாசம் ஒரு துளி இருந்தாலும் மான் கிட்ட வராது. அவன் எழுதி ஒட்டிய தாள் இன்னும் குசினி அடுப்புக்கு மேலே இருந்தது. அதில் முதல் வரி இது.

வில் வேட்டை தொடங்க ஒரு கிழமை முந்தியே தாளிப்பதை நிறுத்த வேண்டும். இது இரண்டாவது வரி.

கருவாட்டின் பெயரையே எடுக்கக் கூடாது. அதன் கீழே இரண்டு கோடு வேறு.

ஐந்து நாளாக வீட்டில் அவித்த சோறும் பாலும்தான்.

"அம்மா, அப்பாட கோட்டும் போட்டாச்சோ?"

மேல்மாடியிலிருந்து ஆரபி கேட்டாள். பதின்மூன்று வயது. தகப்பனைப் போலவே ஒன்றையும் மறக்க மாட்டாள்.

"ஓம் பிள்ளை. போட்டாச்சு."

மூடியைச் சாத்தினாள். தண்ணீர் விழுந்தது.



மாசி மாதம், வாசலில் பனி தள்ளப் போனவன்.

ஐந்து நிமிட வேலைக்கு என்னத்துக்குக் கோட்டு என்றான்.

பனியில் மண்வெட்டி குத்தி நின்றது. பக்கத்தில் அவன் கிடந்தான். நெஞ்சு நின்றுபோயிருந்தது.

கோட்டு கொளுவியில் அப்படியே தொங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அதன் கழுத்துப்பட்டிக்குள் முகத்தைப் புதைத்தாள். மரத்தூள். வியர்வை. பின்னேரத் தேநீர்.

அவன்.

ஆவணியில் ஒரு காலை, வழக்கம் போல முகத்தைப் புதைத்தாள். துணி மணத்தது.

துணி மட்டும்.

அடுத்த நாளும் அப்படித்தான். மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு வந்தும் மணந்து பார்த்தாள், பாவம்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?



பெரிய ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பிள்ளை வில்லைத் தொடக் கூடாது. கனடாச் சட்டம் அப்படி. அதற்காகவே அவள் வசந்தத்தில் வேட்டைப் பரீட்சை எழுதினாள். சித்தியும் அடைந்தாள்.

ஆரபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நுளம்பை அடிச்சுப்போட்டு மன்னிப்புக் கேக்கிற ஆள் நீங்க. நீங்க வேட்டைக்கோ?"

"நான் வில்லுப் பிடிக்கேல்லை. உனக்குப் பக்கத்தில இருக்கப்போறன்."

போன வருசக் கோடையில் தனக்கும் மகளுக்குமென்று அவன் மேப்பிள் மரத்தில் பரண் கட்டியிருந்தான். இரண்டு இருக்கை. ஒன்றைச் சும்மா விட அவளுக்கு மனம் வரவில்லை.



ஒக்டோபர் முதலாம் திகதி. விடிந்துகொண்டிருந்தது.

ஆரபி கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். கைகளில் மூன்று மடிப்பு. மேலே போனதும் கழற்றினாள். தொளதொளத்த கை நாணில் சிக்கும். அதுவும் தாளில் இருந்தது.

அவர்களுக்குப் பின்னால், அடிமரத்தில், அவன் திருகி வைத்த கொளுவி. தன் தோள் உயரம் பார்த்துத்தான் திருகியிருந்தான். அதில் மாட்டினாள்.

ஒரு ஆள் எழுந்து நிற்பதைப் போல இருந்தது.

தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆரபி சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தாள். திருநீறு. காற்றின் போக்குப் பார்க்க மற்றவர்கள் கடையில் மாத்தூள் வாங்குவார்கள். அவன் திருநீறுதான் கொண்டுபோவான். ஒரு சிட்டிகையை விரலிடையில் விட்டாள்.

அது அவர்கள் முகத்துக்கே வந்தது. நல்லது. முன்னால் வருகிற மானுக்கு மணம் போகாது.

"குளிருதோ, பிள்ளை?"

"உஸ். பேசாதேங்கோ."

மான் வந்தது.

சருகில் கால் வைத்த சத்தம்கூட இல்லை. சின்னக் கொம்பு. அறுபது அடி தள்ளி நின்று, தலை குனிந்து, எதையோ பொறுக்கித் தின்றது.

ஆரபி நாணை இழுத்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள், தகப்பன் சுருக்குவதைப் போலவே.

கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது.

பிறகு பிடரியில் பட்டது.

பரண் பலகையில் சிந்திக் கிடந்த திருநீறு எழும்பியது. மெல்ல மெல்ல மானின் பக்கமாகப் போனது.

மான் தலையைத் தூக்கியது.

மூக்கு விரிந்தது. மூடியது. விரிந்தது.

ஆரபியைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

அவர்களுக்குப் பின்னால், கொளுவி இருந்த உயரத்தைப் பார்த்தது.

முன்னங்காலால் நிலத்தை ஒரு தரம் தட்டியது. இன்னொரு தரம் தட்டியது. பலமாகச் சீறியது. வெள்ளை வால் ஒருமுறை மின்னியது.

பிறகு காடு மட்டும் இருந்தது.

ஆரபி நாணை மெல்லத் தளர்த்தினாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் தோய்ச்சனாங்கள்தானே, அம்மா. பிறகு ஆரின்ர மணம் அதுக்குப் பட்டது?"

அவள் மரத்தோடு பிணைத்திருந்த இடுப்புப் பட்டியைக் கழற்றினாள். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"கோட்டைக் கழற்றி எடுக்கட்டோ?"

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும்."

மான் நின்ற இடம் தெரிந்தது. சருகு கிளறி, ஈர மண்ணில் குளம்பு ஆழமாய்ப் பதிந்திருந்தது.

அதன் மேல் கால் வைத்து நின்றாள். பரணைப் பார்த்துத் திரும்பினாள். காற்று இன்னும் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கண்ணை மூடினாள்.

தலையைத் தூக்கினாள்.