ஏசி ரிப்பேர்

"என்னங்க, முகத்துல இப்படி எண்ணெய் வழியுது?"

"ஆபீஸ்ல ஏசி ரிப்பேர்" என்றான் கணவன், டையைத் தளர்த்தியபடி.

"சோப்பு போட்டுப் பரபரன்னு தேய்க்காதீங்க. பச்சைத் தண்ணியில கழுவி, துண்டால ஒத்தி எடுங்க."

அவன் குளிக்கப் போனதும், கழற்றிப் போட்ட சட்டையை எடுத்தாள். முதுகெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

மறுநாள் காலை அவன் பையில் பெரிய தண்ணீர் பாட்டிலையும் பருத்தித் துண்டையும் வைத்தாள்.

"ஆபீசுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?"

"பாய்லர் பக்கத்துல நாள் முழுக்க நிக்கிறவருக்கு இதுவே பத்தாது. ஆபீஸ் வேலை போனதையும், இப்ப இந்த வேலைக்குப் போறதையும் உங்க ஆபீஸ் வாட்ச்மேன் போன வாரமே சொல்லிட்டார்."

டை முடிச்சில் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் மெல்ல அதை அவிழ்த்தாள்.

"இது வீட்லயே இருக்கட்டும். கழுத்தாவது காத்தாடட்டும்."