சீட்டுக்கு அடியில் இன்னொரு சுவிட்ச்

“ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் வையுங்க. நான் அமுக்கினாத்தான் கதவு திறக்கணும்” என்றார் கார்க்காரர்.

எலக்ட்ரீஷியன் காருக்குள் எட்டிப் பார்த்தார். காரோடு வந்த பூட்டு இல்லை, பிற்பாடு வாங்கி மாட்டிய சென்டர் லாக். தனியாக சுவிட்ச் வைப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கதவுக் குமிழைத் தூக்கினாலே திறந்துகொள்ளுமே என்று கேட்டார்.

“அந்தக் குமிழையும் கழட்டிடுங்க. போன வாரம் சிக்னல்ல நிக்கறப்ப இறங்கி, அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இனிமே அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்.”

சொன்னது மனைவியைப் பற்றி. அவள் அந்த சீட்டில்தான் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனுஷனுக்குக் குரலைத் தாழ்த்தக்கூடத் தோன்றவில்லை.

எலக்ட்ரீஷியனுக்குத் தெருவில் ‘ஷாக்’ என்று பேர். தொட்டால் அடிப்பார். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏங்க, கூட்டிட்டுப் போறது பொண்டாட்டியையா, கைதியையா?”

“உங்க வேலை எதுவோ அதைப் பாருங்க. முடியாதுன்னா சொல்லுங்க, அடுத்த கடைக்குப் போறேன்.”

போய்த் தொலை என்று வாய் வரைக்கும் வந்ததை ஷாக் முழுங்கிக்கொண்டார். அடுத்த கடைக்காரன் கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். அப்புறம் இந்தப் பொண்ணு கதி என்ன ஆவது?

குமிழைக் கழற்றினார். ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்சை வைத்தார். கார்க்காரர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துத் திருப்தியாகி, யாருக்கோ போன் பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டார். அவ்வளவுதான், ஷாக் மளமளவென்று இன்னொரு வயரை விரிப்புக்கு அடியில் இழுத்து, அவள் சீட்டுக்குக் கீழே குட்டியாக ஒரு சுவிட்சைப் பொருத்தினார்.

“தங்கச்சி, அடியில கையை விட்டுப் பாரும்மா. அதை அமுக்கினா உன் கதவு திறந்துக்கும். அவருக்குத் தெரியாது.”

அவள் கை கீழே போனது. டக்கென்று பூட்டு விட்டது. நம்பாதவள் மாதிரி மறுபடியும் ஒருதரம் அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கார் போய்விட்டது. இவருக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. டயர் கடைக்காரரிடம் சொன்னார், பல்பு மாற்ற வந்தவரிடம் சொன்னார், கேட்காதவரிடமும் சொன்னார். பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தவர், செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியிடமும் ஆரம்பித்துவிட்டார்.

“வளர்ந்த பொண்ணு, எங்க போகணும் எங்க போகக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? உள்ள வெச்சுப் பூட்ட இவன் யாரு? இவனெல்லாம் ஒரு மனுஷனா?”

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். தனக்குத்தான் என்று அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“இது உங்க பொண்ணுக்கு. காலையில பூட்டிட்டுப் போனீங்களே, அந்த ரூம் சாவியைக் குடுங்க. வெச்சுட்டு மறுபடியும் பூட்டிடறேன்” என்றாள்.