உரக்கச் சொல்லும் பெயர்கள்

ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் வீடு திரும்பிவிட்டார்.

செருப்பைக் கழற்றினார். கைகால் கழுவினார். பாயை விரித்து உட்கார்ந்தார்.

"தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"முதல்ல கும்பிட்டுடுவோம்."

ஊரில் மின்சாரமே இல்லாதபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை? இந்தக் கலவரத்தில் அவர் விடாமல் செய்துவரும் ஒரே காரியம் இந்த அந்திப் பிரார்த்தனைதான். எதிர்வீடு எரிந்த அன்றும் பாய் விரிந்தது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே கும்பிட்டு முடித்தார்கள்.

அந்த வீட்டுப் பிரார்த்தனைக்கென்று ஒரு முறை உண்டு. இருப்பவர்களின் பெயரை அவர் உரக்கச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் அவள், "நல்லா இருக்கட்டும்" என்பாள். பிறகு போய்ச் சேர்ந்தவர்களின் பெயர், தணிந்த குரலில். அதற்கு, "அமைதியா இருக்கட்டும்."

எல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயர்கள்தான். சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொன்னால் கடவுளுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது அவர் கட்சி. அதனால் முப்பது வயதாகி பஸ் ஓட்டும் மகன் கடவுளிடம் இன்னமும் 'வாலு'தான். மீசை முளைத்த நாளிலிருந்து அவனும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டான். அப்பாவிடம் ஒன்றும் பலிக்கவில்லை.

கலவரம் வெடித்த அன்று வண்டி எடுக்கப் போன வாலு திரும்பவில்லை. அவனைத் தேடித்தான் மெக்கானிக் இன்று கிளம்பிப் போயிருந்தார். என்ன தெரிந்ததென்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கேட்கவே வேண்டாம். அவன் பெயர் உரக்க வருகிறதா, தணிந்து வருகிறதா? அதில் தெரிந்துவிடும்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. உடம்பு மரத்துப்போய், மடியில் கிடந்த கைகள் வேறு யாருடையவோ போலிருந்தன.

அவர் கண்ணை மூடினார்.

"பெரியவ."

"நல்லா இருக்கட்டும்."

"மாப்பிள்ளை."

"நல்லா இருக்கட்டும்."

அடுத்தது அவன் முறை. அவர் தொண்டையைச் செருமினார்.

"வாலு," என்றார். வழக்கத்தைவிட உரக்கவே.

"நல்லா இருக்கட்டும்," என்றாள். குரல் பிசகவில்லை.

அப்பாடா, இவருக்குத் தெரியாது.

காலையில், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போயிருந்தாள். துணியை விலக்கிக் காட்டினார்கள். மகனின் முகத்தைப் பார்த்தாள். திரும்பும் வழியில் மறக்காமல் ரொட்டியும் வாங்கினாள். இவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மத்தியானம் தேடக் கிளம்பியவரையும் தடுக்காமல் விட்டாள். பாவம், இன்று ஒரு ராத்திரியாவது இந்த மனுஷன் தூங்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் குரலைத் தணித்தார். தாத்தா வந்தார். அப்பா வந்தார். கடைசியாக அவருடைய அம்மா. வழக்கமாக அதோடு முடித்து, கண்ணைத் திறந்து எழுந்துவிடுவார்.

இன்று எழவில்லை. மூடிய கண்களோடு, சத்தமே இல்லாமல், உதடு மட்டும் இன்னொரு முறை அசைந்தது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமைதியா இருக்கட்டும்," என்றாள்.