மறுபாதிச் செபம்
தூத்துக்குடித் தியேட்டரில் மதியக் காட்சி. போன படத்தில் சாத்தான் குடியேறிக் கிடந்த கன்னியாஸ்திரி, அதற்கு முந்தைய கதையான இந்தப் படத்தில் இன்னும் நல்லவளாகவே மெழுகுதிரி முன் முழந்தாளிட்டிருக்கிறாள். எந்த நிமிடம் சாத்தான் அவளுக்குள் நுழையுமோ என்று, படம் பார்க்க வந்த மரியசெல்வி கழுத்துச் சிலுவையைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். முதுகு காட்டியபடி கன்னியாஸ்திரி ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைப் பாதி சொல்லி நிறுத்துகிறாள். தினமும் சாயங்காலம் மாமியார் பாதி சொல்ல, மிச்சத்தைச் சொல்லியே பழகிய வாய், மரியசெல்வியைக் கேளாமலே மறுபாதியைத் தொடங்கிவிடுகிறது. முன்வரிசையிலும் நாலைந்து குரல்கள் சேர்கின்றன. கன்னியாஸ்திரி மெல்லத் திரும்புகிறாள். கண்ணில் கருவிழியே இல்லை. பக்கத்து இருக்கையில் ஸ்ரீவைகுண்டத்துத் தோழி சுடலைச்செல்வி பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்துகிறாள். “ஏளா, நீ யாருக்குளா பதில் சொல்லுத?” செபத்தை முடிக்கும் ஆமெனைச் சொல்லுமுன் மரியசெல்வி வாயைப் பொத்திக்கொள்கிறாள். திரையில் அது தலை சாய்த்துக் காத்திருக்கிறது.