தண்டரைப் போல ஒரு குதிரை

கால் ஒடிந்த பந்தயக் குதிரை தண்டரை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லிக் காவலாளியிடம் விட்டுப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே முதலாளி, சென்னையிலிருந்து டிவிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு புதூர்நாட்டுப் பண்ணைக்கு வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற குதிரைகளை அவர் எப்படித் தாங்குகிறார் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம்.

"தமிழ்மணி, நெத்தியில வெள்ளைச் சுட்டியோட ஒரு குதிரை வாடகைக்குப் புடிக்கச் சொன்னேனே?"

"கட்டி வச்சிருக்கேங்க." காவலாளி தமிழ்மணி குதிரையை அவிழ்த்துக் கொண்டுவந்தான். குட்டு வெளிப்பட்டால் வேலை மட்டுமா போகும்!

கேமரா ஓடியது. முதலாளி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "தண்டர் என் புள்ளைங்க! ஆயிரம் குதிரைக்கு நடுவுலயும் கண்டுபிடிச்சிடுவேன்!" கண்ணீரே வந்துவிட்டது. குதிரையும் அவர் தோளில் மூக்கை உரசியது.

டிவிக்காரர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "நொண்டுறதுகூட அப்படியே இருக்கேய்யா! ஆனா நம்ம தண்டரோட களை இதுக்கு வராது. எங்க புடிச்சியோ அங்கயே விட்டுடு."

"சரிங்க."

கார் மலை இறங்கியது. தமிழ்மணி குதிரையை மெல்ல நடத்தித் தன் வீட்டுப் புளியமரத்தடியில் கட்டினான். மனைவி கோகிலவாணி ஓடிவந்தாள்.

"இன்னா, கண்டுபுடிச்சிட்டாரா?"

"கட்டிப்புடிச்சு அழுதாரு. அப்பவும் தெரியல."

அவள் ஒரு பிடி சாமை வைக்கோலை நீட்டினாள்.

"தின்னு, தண்டரு. ரெண்டாந்தபாவும் உன்ன வேணாம்னுட்டாரு. இனிமே பயமில்ல."