பூஜையில் வைத்த பை

“விடுதலை” என்று நீதிபதி வாசித்ததும் கூண்டில் நின்றவன் அழுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடமாக அவள் காத்திருந்தது இந்தச் சொல்லுக்காக அல்ல.

கூண்டில் நின்றவன் அமலதாஸ். அவள் புருஷன் ஞானவேலோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த லைன்மேன். ஞானவேல் கம்பத்தின் மேல் இருக்கும்போதே கீழே கரண்ட் கொடுத்தவன்.

அவள் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாவி என்றால் போதும், பிள்ளைகளுக்குப் புரியும்.

நீதிபதி காரணங்களை வாசித்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மறுபடி வாசித்தார்.

கம்பத்தில் ஏறுகிறவர் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை அவரிடம் இருக்கும்வரை யாராலும் கரண்ட் கொடுக்க முடியாது. இறந்தவர் அப்படிச் செய்யவில்லை. மூன்று கட்டைகளையும் டிரான்ஸ்பார்மர் மேடையிலேயே வைத்துவிட்டு, அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் ஏறியிருக்கிறார். மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். போன் செய்திருக்கிறார். இறந்தவரின் போன் அவர் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கிறது. வேலை முடிந்து போய்விட்டார் என்று தெருவில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் கட்டைகளை மாட்டியிருக்கிறார்.

“மரணத்துக்கு நேரடிக் காரணம் குற்றம் சாட்டப்பட்டவரின் கவனக்குறைவுதான் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு வரி இருந்தது.

“பதினெட்டு வருட அனுபவம் உள்ள ஒருவர் அன்று மட்டும் கட்டைகளை ஏன் தன்னோடு எடுத்துச் செல்லவில்லை என்பது கடைசிவரை விளங்கவில்லை.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளையும் ஒருநாள் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றே கேள்வி. பெயர் என்ன. இறந்தவர் என்ன உறவு. உடலை அடையாளம் காட்டியது நீங்கள்தானா. அவ்வளவுதான், இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவளும் சொல்லவில்லை.

காக்கிப் பை. புருஷனுடைய பழைய பேண்ட்டைக் கிழித்து அவளே தைத்தது. இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்திருந்தாள். பிடுங்கிய கட்டைகளை அதில் போட்டுக்கொண்டுதான் கம்பத்தைத் தொடுவான். அலுவலகத்தில் எல்லோரும் அதைக் கேலி செய்வார்களாம். சொல்லும்போது அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று ஆயுத பூஜை.

முதல் நாளே பையைத் துவைத்துக் காயவைத்திருந்தாள். காலையில் அதைக் கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவரோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பொரி, கடலை, சுண்டல். மத்தியானம் இலையில் பாதிச் சோறு இருக்கும்போது போன் வந்தது. லைன் அறுந்துவிட்டது.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து பையை எடுக்கப் போனான்.

“பூஜையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். ஒருநாள் அது இல்லாமப் போனா குடியா முழுகிப்போகும்?”

அவள்தான் சொன்னாள். அவள் வாய்தான்.

அவன் சிரித்தான். அவள் பேச்சை அவன் தட்டுவதே இல்லை. பொல்லாத பழக்கம். நீட்டிய கையை எடுத்துக்கொண்டான். பிளேயரை வழியில் யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மறுநாள் எடுக்க வேண்டியது. ஐந்து வருடமாக அவள் எடுக்கவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமக் கறை மட்டும் இருக்கிறது.

அது கண்ணில் படும்போதெல்லாம் அமலதாஸைத் திட்டினாள். வாய் வலிக்கத் திட்டினாள். அவன் ஜெயிலுக்குப் போய்விட்டால் பையை எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அப்பீல் செய்யலாம் என்று அரசு வக்கீல் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

அமலதாஸ் வந்தான். நாலடி தள்ளியே நின்றுவிட்டான். ஐந்து வருடமும் அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். மீசை முழுக்க நரைத்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

“கோர்ட்டு விட்டுட்டாலும் நான்தான் மதினி போட்டேன். இந்தக் கைதான்.”

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாளும் கோர்ட்டுப் படி ஏறினாள்.

கேட்டாயிற்று. இனி பேசாமல் எழுந்து போனால் போதும். அவன் அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஆயுசுக்கும் இறக்கி வைக்க மாட்டான். பையைப் பற்றி ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

எழுந்து போகவும் பார்த்தாள். பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்தாள்.

“உக்காருங்க தம்பி” என்றாள். “அந்தப் பை எங்க வீட்லதான் இருக்கு.”